வெறும் சி.டி.யும் நம் வியாபாரக் கணக்கும்

அரிசி வியாபாரம் செய்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர் ஒன்று. நெல்லை அரைத்த ஆலை வேறொன்று. ஒரே ஆலையின் அரிசி நான்கு பெயரில், நான்கு விலையில் கடைக்கு வரும். போன மாதம் நன்றாக இருந்த அதே பெயர், இந்த மாதம் வேறு ஆலையின் அரிசியைச் சுமந்து வந்திருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள வியாபாரி பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போடுவதில்லை. குத்தூசி போட்டு, ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்யப் பயன்படும் வெறும் சி.டி., டி.வி.டி. ஆகியவையும் இதே ரகச் சரக்குதான். டப்பாவின் மேல் உள்ள பெயர் வேறு; டிஸ்க்கைச் செய்த தொழிற்சாலை வேறு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அரிசியில் கல் இருந்தால் மறுநாள் காலையிலேயே வாடிக்கையாளர் வந்து சொல்லிவிடுவார். டிஸ்க் மட்டமானது என்றால், அது சில வருடங்கள் கழித்து, அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

"இது ஸ்டுடியோக்காரர்களும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம். மளிகைக் கடைக்கும் புளி மண்டிக்கும் இதில் என்ன வேலை?" என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. 2007 ஜனவரி 1 அன்று தமிழகத்தில் வாட் வரி நடைமுறைக்கு வந்த காலத்தில், கணக்கைப் பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய கடைகள் ஏராளம். அன்று 'பேக்அப்' என்றால் வருடக் கணக்கை ஒரு சி.டி.யில் ஏற்றி மேஜை அறையில் போட்டு வைப்பதுதான். அந்த சி.டி.க்கள் இன்றும் பல கடைகளில் சாமி படத்துக்குக் கீழேயும், பீரோவிலும் கிடக்கின்றன. அவை இன்று திறக்குமா என்று எத்தனை பேர் போட்டுப் பார்த்தோம்?

அதோடு, பென்னாகரம் போன்ற ஊர்களில் பேனா, நோட்டு விற்கும் கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் வெறும் டிஸ்க்கைச் சரக்காக வைத்து விற்பவர்கள் உண்டு. விற்ற பொருள் கெட்டுப்போனால் வாடிக்கையாளர் திட்டுவது தொழிற்சாலையை அல்ல, நம்மைத்தான். ஆகவே வாங்குபவராகவும் விற்பவராகவும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

டிஸ்க்குக்குள் இருப்பது என்ன?

கடையில் வாங்கும் சினிமாப் பாட்டு சி.டி.க்கும் நாம் பதிவு செய்யும் வெறும் சி.டி.க்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. பாட்டு சி.டி. அச்சில் வார்த்தது. அதில் உள்ள நுண்ணிய குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. வெறும் சி.டி.யிலோ பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தட்டின் மேல் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. அதற்கு மேல் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் வெள்ளிப் பூச்சு. அதற்கும் மேலே மெல்லிய வார்னிஷ். சி.டி. ரைட்டரில் உள்ள லேசர் ஒளி, சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மாற்றுகிறது. அந்தச் சுட்ட தடங்கள்தான் நம் கணக்கு.

ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988ஆம் ஆண்டு இந்த வகை சி.டி.யை அறிமுகப்படுத்தியது. அது பயன்படுத்திய சாயத்தின் பெயர் சயனின். பின்னர் தாலோசயனின் என்ற சாயமும், மிட்சுபிஷி நிறுவனத்தின் ஆசோ என்ற சாயமும் வந்தன. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் ஓரளவு நிறத்திலேயே தெரியும். சயனின் பச்சை கலந்த நீலம்; தாலோசயனின் ஏறத்தாழ நிறமற்ற வெளிர் சாயல்; ஆசோ அடர்ந்த நீலம். வெளிச்சம் பட்டால் சயனின் சீக்கிரம் கெடும். தாலோசயனின் வெளிச்சத்தைத் தாங்கும். ஆனால் பதிவு செய்யும்போது லேசரின் சக்தி கூடாமல் குறையாமல் சரியாக இருக்க வேண்டும். சயனினில் அந்தச் சக்தி சற்று முன்பின் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

நம் பகுதிப் புளி வியாபாரிகளுக்கு இதை எளிதாக விளக்கலாம். புதுப் புளி செம்பழுப்பாக இருக்கும். வைக்க வைக்கக் கறுக்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். தகரக் கொட்டகையில் வைத்தால் நிற்காது. சாயமும் அப்படித்தான். நாளாக நாளாக மாறும். எவ்வளவு வேகமாக மாறும் என்பது சரக்கின் தரத்தையும் வைக்கும் இடத்தையும் பொறுத்தது.

பெயர் ஒன்று, தொழிற்சாலை ஒன்று

இந்தியாவில் வெறும் டிஸ்க் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் மோசர் பேயர். 1983இல் டெல்லியில் தொடங்கிய இந்த நிறுவனம் முதலில் நேரம் பதியும் கருவிகளைச் செய்தது. பிறகு பிளாப்பி டிஸ்க். 1999 முதல் பதிவு செய்யும் சி.டி. நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் ஆலைகள் வைத்து, உலகின் மிகப் பெரிய டிஸ்க் உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. இந்தியாவிலிருந்து போகும் சி.டி.க்கள் மீது 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் வரி போடும் அளவுக்கு ஏற்றுமதி இருந்தது.

தமிழ்நாட்டு மக்களுக்கு இந்த நிறுவனம் இன்னொரு வகையிலும் அறிமுகம். 2007இல் சினிமா வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலை வைத்துச் சந்தைக்கு வந்தது. திருட்டு வி.சி.டி.யின் விலைக்கு அருகிலேயே ஒரிஜினல் கிடைத்தது. பெட்டிக் கடையிலும் மளிகைக் கடையிலும்கூட சினிமா டிஸ்க் தொங்கிய காலம் அது.

நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. மோசர் பேயர் தன் பெயரில் மட்டும் டிஸ்க் விற்கவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் செய்து கொடுத்தது. 'வெர்பாட்டிம்' என்ற பெயரில், மிட்சுபிஷியின் தொழில்நுட்பக் குறியீட்டோடு வந்த டி.வி.டி.க்களில் ஒரு பகுதி இந்தியாவில் செய்யப்பட்டவை. அதே பெயர், அதே அட்டைப் படம். ஆனால் ஒரு டப்பா தைவானிலிருந்து வந்திருக்கும், ஒரு டப்பா இந்தியாவிலிருந்து. பெரிய பெயர் கொண்ட பல நிறுவனங்கள் சொந்தமாக டிஸ்க் செய்ததே இல்லை. தைவானின் சி.எம்.சி., ரைடெக் போன்ற ஆலைகளிடம் வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்றன.

ஆகவே 'இந்த பிராண்ட் நல்லது, அந்த பிராண்ட் மோசம்' என்று பொதுவாகச் சொல்வது அரைகுறை உண்மை. எந்த ஆலை, எந்த நாடு, எந்தத் தொகுதி என்பதுதான் முழு உண்மை.

ஆலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல வேளையாக, டிஸ்க்கே அதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு வெறும் டிஸ்க்கிலும், கண்ணுக்குத் தெரியாத சுருள் தடத்தில், தயாரிப்பாளரின் குறியீடு தொழிற்சாலையிலேயே பதிந்து வருகிறது. எவ்வளவு கொள்ளும், எந்த வேகம் வரை பதியலாம் என்ற விவரமும் அதோடு இருக்கும். 'இம்க்பர்ன்' போன்ற பழைய இலவச மென்பொருள்களில் டிஸ்க்கைப் போட்டாலே இந்தக் குறியீடு திரையில் வரும். டி.வி.டி.யில் எம்.பி.ஐ. என்று தொடங்கினால் மோசர் பேயர், சி.எம்.சி. மேக் என்றால் தைவானின் சி.எம்.சி.; எம்.சி.சி. என்றால் மிட்சுபிஷி தொழில்நுட்பம். யூடன் அல்லது டி.ஒய்.ஜி. என்றால் தையோ யூடன். கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் பையன்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இதிலும் போலி உண்டு. நல்ல ஆலையின் குறியீட்டைத் திருடித் தன் மட்டச் சரக்கில் பதித்து விற்ற ஆலைகள் இருந்திருக்கின்றன. நகைக்கு முத்திரை போலப் பார்க்க வேண்டியதுதான். முத்திரையை மட்டும் நம்பாமல் உரசியும் பார்க்க வேண்டும்.

ரைட்டருக்கும் டிஸ்க்குக்கும் பொருத்தம்

"அதே டிஸ்க் பக்கத்துக் கடை மெஷினில் நன்றாகப் பதிகிறது, என் மெஷினில் மட்டும் பாழாகிறது. டிஸ்க் கெட்டதா, மெஷின் கெட்டதா?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. பல சமயம் இரண்டுமே கெட்டதல்ல. இரண்டுக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

ரைட்டருக்குள் ஒரு சிறு நிரல் இருக்கிறது. அதில் எந்தக் குறியீடு கொண்ட டிஸ்க்குக்கு எவ்வளவு லேசர் சக்தி, எந்த அளவில் விட்டு விட்டுச் சுட வேண்டும் என்ற பட்டியல் உண்டு. டிஸ்க்கைப் போட்டவுடன் ரைட்டர் குறியீட்டைப் படிக்கிறது. பட்டியலில் இருந்தால் அதற்குரிய முறையில் பதிகிறது. இல்லாவிட்டால், ஏதோ ஒரு பொதுவான முறையில் குத்துமதிப்பாகப் பதிகிறது. புதிய டிஸ்க்கைப் பழைய ரைட்டரில் போட்டால் தகராறு வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். ரைட்டர் தயாரான நாளில் அந்த டிஸ்க் பிறந்திருக்கவே இல்லை.

முன்பு லைட்-ஆன், எல்.ஜி., பயனியர் போன்ற நிறுவனங்கள் இந்தப் பட்டியலை அவ்வப்போது புதுப்பித்துத் தந்தன. பழைய மாடல்களுக்கு அந்த வசதி நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. எனவே இன்று செய்யக்கூடியது ஒன்றே: நம்மிடம் உள்ள ரைட்டரில் நன்றாகப் பதியும் டிஸ்க் எது என்று சோதித்து, அதையே தொடர்ந்து வாங்குவது.

பதிவு தொடங்குமுன் ரைட்டர் டிஸ்க்கின் உள் ஓரத்தில் சில புள்ளிகளைச் சுட்டுப் பார்த்து, லேசர் சக்தியைத் தானே சரி செய்துகொள்கிறது. தோசைக் கல்லில் முதலில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பது போல. ஆனால் லேசர் வில்லையில் தூசி படிந்திருந்தாலோ, லேசர் தேய்ந்திருந்தாலோ இந்தச் சோதனையும் பயன் தராது. மாவு, மிளகாய்த் தூள், புளித் தூசி பறக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேகம் வேண்டுமா, விவேகம் வேண்டுமா?

டிஸ்க்கின் மேல் 52எக்ஸ், 16எக்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்க்கிறோம். சி.டி.யில் ஒரு எக்ஸ் என்பது விநாடிக்கு 150 கிலோபைட். டி.வி.டி.யில் ஒரு எக்ஸ் அதைவிட ஏறத்தாழ 9 மடங்கு. 52எக்ஸ் வேகத்தில் டிஸ்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்று சுற்றுகிறது. அந்த ஓட்டத்தில் டிஸ்க் சற்று வளைந்திருந்தாலும், மையம் சற்று விலகியிருந்தாலும் வெளி ஓரத்தில் பதிவு தடுமாறும். கோப்பு கடைசியில் மட்டும் திறக்காமல் போவதும், படம் முடியும் நேரத்தில் கட்டம் கட்டமாக உடைவதும் இதனால்தான்.

அட்டையில் போட்டிருப்பது உச்ச வேகம். அதுவே உகந்த வேகம் அல்ல. 52எக்ஸ் சி.டி.யை 16 அல்லது 24இலும், 16எக்ஸ் டி.வி.டி.யை 8இலும் பதிவு செய்வது நடுநிலையான வழி. 'மெதுவாகப் பதிந்தால் இன்னும் நல்லது' என்று 1எக்ஸ், 2எக்ஸ் வேகத்துக்கு இறங்கவும் வேண்டாம். வேகப் பதிவுக்கென்று செய்த சாயம் மிக மெதுவான ஓட்டத்துக்குப் பொருந்தாது. நடு வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் வித்தியாசம் ஒரு டீ குடிக்கும் நேரம். அதற்காக வருடக் கணக்கைப் பணயம் வைக்கலாமா?

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் தமிழகம் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். கம்ப்யூட்டர் சற்றுத் தாமதித்தால் பதிவு கெடாமல் காக்கும் வசதி 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே ரைட்டர்களில் வந்துவிட்டது. ஆனால் மின்சாரமே நின்றால் அந்த வசதி உதவாது, டிஸ்க் வீண்தான். யு.பி.எஸ். இல்லாமல் பதிவு செய்யாதீர்கள். யு.எஸ்.பி. வயரில் வெளியே இணைக்கும் ரைட்டர் வைத்திருப்பவர்கள் அதை கம்ப்யூட்டரின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். முன்புறத் துளையிலோ நீட்டிப்பு வயரிலோ போதிய மின்சாரம் கிடைக்காமல் பதிவு பாதியில் நிற்பது சகஜம்.

பதிந்தது எங்கும் ஓடுமா?

பதிவு செய்த கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்துவிட்டு 'சரி' என்று முடிவு செய்வது தவறு. தாய்க்குத் தன் பிள்ளையின் மழலை புரியும். மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே!

ஆரம்ப கால டி.வி.டி. பிளேயர்களில் சில, அச்சில் வார்த்த சி.டி.யைப் பாடின; ஆனால் பதிவு செய்த சி.டி.யைத் தொடவே மறுத்தன. டி.வி.டி.யின் லேசர் வேறு நிறம், சி.டி.யில் உள்ள சாயம் அந்த நிற ஒளியைத் திருப்பி அனுப்பாது. பின்னர் இரண்டு லேசர் வைத்த பிளேயர்கள் வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. அழித்து அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. வகை டிஸ்க் மிகக் குறைந்த ஒளியையே திருப்பும் என்பதால், பழைய சி.டி. பிளேயர்கள் பல அதைப் படிக்காது.

டி.வி.டி.யில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு வகை உண்டு. மைனஸ் ஆர் 1997இல் பயனியர் கொண்டுவந்தது; பிளஸ் ஆர் 2002இல் வேறொரு நிறுவனக் கூட்டணி கொண்டுவந்தது. இரண்டும் 4.7 ஜி.பி. என்றாலும் உள் அமைப்பு வேறு. பிற்கால ரைட்டர்கள் இரண்டையும் ஏற்கும். பழைய பிளேயர்களில் ஓட வேண்டும் என்றால் மைனஸ் ஆர் பாதுகாப்பானது. 4.7 ஜி.பி. என்று போட்டுவிட்டு கம்ப்யூட்டரில் 4.38 என்று காட்டுகிறதே, எடை குறைவா என்று கேட்பவர்கள் உண்டு. எடை குறைவு அல்ல. தொழிற்சாலை ஆயிரத்தில் கணக்கிடுகிறது; கம்ப்யூட்டர் 1024இல் கணக்கிடுகிறது. படி வேறு, சரக்கு ஒன்றே.

பதிவு முடியும்போது 'டிஸ்க்கை முடித்து மூடுக' என்று மென்பொருள் கேட்கும். பிறரிடம் கொடுக்கும் டிஸ்க் என்றால் கட்டாயம் மூடிவிடுங்கள். திறந்த நிலையில் விட்ட டிஸ்க்கை வேறு மெஷின்கள் படிக்காமல் போகலாம்.

மொத்தமாக வாங்குமுன்

50, 100 என்று டப்பாவில் வாங்கி விற்பவர்களும், அதிகம் பயன்படுத்துபவர்களும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. முதலில் ஒரே ஒரு டப்பா வாங்குங்கள். மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என மூன்றை எடுங்கள். மூட்டையின் மேல் அரிசி மட்டும் நன்றாக இருப்பது நமக்குத் தெரியாததா?

2. மூன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாயத்தில் குமிழி, ஓரத்தில் திட்டுத் திட்டாக நிறம் விலகல், ஊசித் துளை போல ஒளி தெரிதல் இருந்தால் வேண்டாம்.

3. குறியீட்டைப் படித்து எழுதி வையுங்கள். டப்பாவில் உள்ள நாட்டின் பெயரையும் தொகுதி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

4. முழுக் கொள்ளளவுக்கும் பதிவு செய்யுங்கள். பாதி மட்டும் பதிந்து பார்த்தால் வெளி ஓரத்தின் யோக்கியதை தெரியாது.

5. மென்பொருளில் உள்ள 'சரிபார்ப்பு' வசதியை ஓட விடுங்கள். பிறகு வேறு இரண்டு மெஷின்களில் போட்டுப் பாருங்கள். அதில் ஒன்று பழைய பிளேயராக இருக்கட்டும்.

6. திருப்தியானால் அதே தொகுதியில் தேவையானதை வாங்குங்கள். அடுத்த தொகுதி வரும்போது அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். வேறு குறியீடு வந்தால் அது வேறு சரக்கு.

7. பில் இல்லாமல் வாங்காதீர்கள். உறையில்லாமல், பெயரில்லாமல் கட்டாக வரும் மலிவுச் சரக்கில் தொழிற்சாலை கழித்துப் போட்ட ரகம் கலந்திருக்கக்கூடும். திருப்பிக் கொடுக்க ஆள் இருக்காது.

விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெறும் டிஸ்க் விற்பது நேர்மையான வியாபாரம். அதில் சினிமாப் படத்தையோ பாட்டையோ ஏற்றி விற்பது குற்றம். காப்புரிமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தமிழகத்தில் 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்திலும் திருட்டு வீடியோ சேர்க்கப்பட்டது. பத்து ரூபாய் லாபத்துக்குக் கடையையே இழக்க வேண்டாம்.

பேனா, ஸ்டிக்கர், வெயில்

சி.டி.யின் அடிப்பக்கம் கீறல் விழக்கூடாது என்று எல்லோரும் பூப்போலப் பிடிக்கிறோம். உண்மையில் ஆபத்து மேல் பக்கத்தில்தான் அதிகம். அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே வார்னிஷ் மட்டும்தான்; அதற்குக் கீழேயே வெள்ளியும் சாயமும். பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி '2009-10 கணக்கு' என்று எழுதினால், எழுதிய இடத்தில் கணக்கே போய்விடும். டி.வி.டி.யில் பதிவு இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் பழக்கம் நல்லதாக இருக்கட்டும். தண்ணீர் மையில் எழுதும் மென்மையான மார்க்கரால், நடுவில் உள்ள தெளிந்த வளையத்தில் எழுதுவது உத்தமம்.

விலை ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் நமக்கு உண்டு. டிஸ்க்கின் மேல் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வரும். ஒட்டியே விட்டாலும் சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும்.

அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, டிஸ்க்குகளை உறையில் போட்டுப் புத்தகம் போல நிமிர்த்தி வைக்கவும், 20 டிகிரிக்குக் குறைவான குளிர்ச்சியில் ஈரமில்லாமல் வைக்கவும் சொல்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்திரை வெயிலில் 20 டிகிரிக்கு நாம் எங்கே போவது? குறைந்தபட்சம் ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே வைக்காமல், வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்காமல், உட்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைக்கலாம். விற்பனைக்கு வைத்திருக்கும் டப்பாவையும் கடை முகப்பில் வெயிலில் தொங்கவிட வேண்டாம். பதிவு செய்யாத டிஸ்க்கும் வெயிலில் கெடும்.

சட்டம் என்ன கேட்கிறது?

இனி முக்கியமான பகுதி. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதிவு பெற்ற வியாபாரி, ஒரு வருடத்தின் கணக்குகளை, அந்த வருடத்துக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உதாரணமாக 2023-24ஆம் வருடத்துக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம்மிடம் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது மேற்சொன்ன 72 மாதம் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைக்க வேண்டும்.

கணக்கை கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு விதிகளில் தனியாக ஒரு வாசகம் இருக்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும் வகையில் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்பதே அது. 'சி.டி.யில் போட்டு வைத்தேன் சார், இப்போது திறக்கவில்லை' என்பது பதில் ஆகாது. நகல் இருந்தால் போதாது. அது திறக்க வேண்டும்.

வாட் காலத்து வழக்கோ பாக்கியோ இன்னும் முடியாமல் இருப்பவர்கள், அந்தக் காலத்துக் கணக்கு எந்த சி.டி.யில் இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.

இன்று செய்ய வேண்டியது

காலம் மாறிவிட்டது. தையோ யூடன் 2015உடன் டிஸ்க் தொழிலை விட்டது. மோசர் பேயர் 2018இல் கலைப்புக்கு ஆளானது. சோனி 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் டிஸ்க் போடும் வாயே இல்லை. ஆக, பழைய டிஸ்க் ஒரு பக்கம் கெட்டு வருகிறது. அதைப் படிக்கும் மெஷின் இன்னொரு பக்கம் மறைந்து வருகிறது. இரண்டில் எது முந்தினாலும் நஷ்டம் நமக்கு.

ஆகவே கடையில், வீட்டில் உள்ள எல்லா டிஸ்க்குகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரியுங்கள். கணக்கு, பத்திரங்களின் நகல், கல்யாண வீடியோ, பெரியவர்களின் படம் என்று தனித்தனியாக வையுங்கள். யு.எஸ்.பி. ரைட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஒரு மெஷினில் திறக்காத டிஸ்க்கை உடனே எறியாதீர்கள். வேறு இரண்டு, மூன்று மெஷின்களில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். பொருத்தம் பதிவுக்கு மட்டுமல்ல, படிப்பதற்கும் உண்டு. மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தால் பாதிக் கோளாறு தீரும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

ஏற்றியதை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் கூடாது. ஹார்ட் டிஸ்க்கும் கெடும், பென் டிரைவும் தொலையும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று ஆடிட்டரிடமோ இணையத்திலோ என்று மூன்று நகல் இருக்கட்டும். கடையில் தீப்பிடித்தால் வீட்டு நகல் காக்கும்.

அப்படியானால் டிஸ்க்கே வேண்டாமா? ஒரு வேலைக்கு அது இன்றும் நல்லது. ஒரு முறை பதிந்து மூடிய டிஸ்க்கை எந்த வைரஸும் திருத்த முடியாது. கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் திருடனும் அதைத் தொட முடியாது. வருட முடிவில் கணக்கை முடித்ததும், நல்ல டிஸ்க்கில் நடு வேகத்தில் இரண்டு நகல் எடுத்து, சரிபார்த்து, தேதி போட்டு வைப்பது கூடுதல் காவல். அதை வருடத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். திறக்கத் தாமதித்தால் அன்றே வேறொன்றுக்கு மாற்றிவிட வேண்டும்.

தேவையில்லாத டிஸ்க்குகளைக் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள், புகை கெடுதல். கணக்கு உள்ளதை இரண்டாக வெட்டிவிட்டு, பழைய கம்ப்யூட்டர் சாமான் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஆயுத பூஜைக்குத் தராசைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. இனி அந்த நாளில் கணக்கு நகலையும் எடுத்து ஒருமுறை திறந்து பார்ப்போம். திறந்தால் மகிழ்ச்சி. திறக்காவிட்டால், அதிகாரி கேட்கும் நாளுக்கு முன்பே அதைத் தெரிந்துகொண்டோம் என்ற அளவில் அதுவும் லாபமே.